கண்ணாடிக்கு முன்னால் கவ்வி

ஸ்கோப் மாட்டித் தரச் சொல்லி வருகிறவர்கள் பெட்டியைப் பிரித்து ஸ்கோப்பைத்தான் முதலில் என் கையில் கொடுப்பார்கள். அதை மேசை ஓரமாக வைத்துவிட்டு, "துப்பாக்கியைக் குடுங்க தம்பி" என்பேன். உள்ளே ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுப்பேன். மண் மூட்டை அடுக்கிய சுவரைப் பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு தோளில் ஏற்ற வேண்டும். கன்னம் கட்டையில் வழக்கமாக எங்கே உட்காருமோ அங்கே உட்கார்ந்த பிறகு கண்ணைத் திறக்கச் சொல்வேன். அந்தக் கண் எந்த உயரத்தில், எவ்வளவு பின்னால் நிற்கிறது என்று பார்த்துக் கட்டையில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்வேன். ஸ்கோப் நிற்க வேண்டிய இடத்தை அந்தக் கண்தான் சொல்லும். கழுத்தை நீட்டியும் தலையைத் தூக்கியும் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தால், எவ்வளவு விலை கொடுத்த கண்ணாடியும் நாலாவது சூட்டில் கைவிட்டுவிடும்.

நான் குத்தாலத்துக்காரன். சொன்னவாறறிவார் கோயிலுக்குப் போகிற வழியிலேயே வளர்ந்தவன். பம்புசெட்டு, டிராக்டர், பின்னாளில் அறுவடை மிஷின் என்று வயல் சாமான்களுக்கு லேத் ஓட்டுகிற பட்டறையில் கை பழகி, அதன் பிறகு திருச்சியில் லைசன்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே இருந்த மேஸ்திரி ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து வந்தவர். திருகு முடுக்குவதைக்கூட அவரிடம்தான் புதிதாகக் கற்றேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, வெடிமருந்துத் துப்பாக்கியைப் பழுது பார்க்கவே தனி லைசன்ஸ் வேண்டும். அதனால் ஊர் திரும்பிய பிறகு ஏர் ரைபிள்களை மட்டும்தான் தொடுகிறேன். 0.177 அங்குலத் துளைக்கு மேற்படாமல், 20 ஜூல் ஆற்றலைத் தாண்டாமல் இருந்தால் 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு லைசன்ஸ் கேட்பதில்லை. .315 கொண்டு வருகிறவரை மரியாதையாகத் திருச்சிக்கே அனுப்பிவிடுவேன்.

எங்கள் பக்கம் வேட்டை என்றால் அந்தக் காலத்தில் ரவைத் துப்பாக்கிதான். மழைக்காலத்தில் சம்பா வயலில் இறங்கும் உள்ளான், ஏரி குளங்களில் கிளுவை. பறந்து கிளம்புகிற பறவைக்கு இரட்டைக்குழல் பன்னிரண்டு போர் போதும். ஸ்கோப்புக்கு அங்கே வேலையே இல்லை. மலைப்பக்கத்து வேட்டைக்காரர்களிலும் வெறுங்கண் குறியை நம்பியவர்களே அதிகம். தளி, ஜவளகிரிக் காடுகளைப் பற்றி எழுதிய கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரைத்தான் வைத்திருந்தார். குமாவூனில் ஜிம் கார்பெட்டுக்கு .275 ரிக்பி. அவர்கள் சுட்ட தூரம் அவ்வளவு கிட்டம். இருந்தாலும் ஸ்கோப்பும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. பம்பாய் ராணுவத்தில் இருந்த டேவிட் டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்தியாவில் இருந்தபோதே வேட்டைத் துப்பாக்கியில் தொலைநோக்கி வைத்துப் பார்த்தவர். ஊர் திரும்பி 1862-இல் காப்புரிமையும் வாங்கினார். விட்வொர்த் துப்பாக்கியின் இடப்பக்கத்தில் அவருடைய தொலைநோக்கியைப் பொருத்தி அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கத்தியர்கள் பயன்படுத்தினார்கள். இடப்பக்கம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்தது. முடிந்தது நல்லதுதான் என்று நினைக்கிறவன் நான். 2025-இல் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுடத் தமிழக அரசு வழிவிட்டபோதும், சுடும் பொறுப்பை வனத்துறைக்குத்தான் கொடுத்தது. ஆக, இன்று எங்கள் ஊர்ப்பக்கம் ஸ்கோப் மாட்டுகிறவரின் இலக்கு காகிதம், தகரம், இல்லாவிட்டால் இரும்புத் தகட்டில் வெட்டிய முயல். அதற்காகக் கைவேலை குறைந்துவிடவில்லை. மானின் நெஞ்சில் ஒரு சாண் அகலம் இருந்தது. காகிதத்தில் பத்துப் பைசா அளவுகூடக் கிடையாது.

எதை வாங்குவது என்று கேட்கிறவர்கள் எல்லோரும் பெருக்கத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். "எத்தனை எக்ஸ் அண்ணே?" 3-9×40 என்று எழுதியிருந்தால் மூன்று முதல் ஒன்பது மடங்கு பெருக்கம், முன் கண்ணாடி 40 மி.மீ. அகலம். அந்த நாற்பதைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். நாலு மடங்கில் 10 மி.மீ.; ஒன்பது மடங்கில் 4.4 மி.மீ. வட்டம் சுருங்கச் சுருங்கக் கண்ணை நேர் நடுவில் வைத்தால்தான் படம் தெரியும். பெருக்கம் இலக்கை மட்டும் பெரிதாக்குவதில்லை, நம் கை நடுக்கத்தையும் பெரிதாக்கிக் காட்டும். அந்த நடுக்கத்தைப் பார்த்துப் பயந்து விசையை வெடுக்கென்று இழுக்கிற பிள்ளைகளிடம் நாலு மடங்கில் திருப்பி வைக்கச் சொன்னால் அன்றைக்கே கை சமாதானமாகிறது. முன் கண்ணாடி 50 மி.மீ. இருந்தால் வெளிச்சம் கூடும் என்பது உண்மை. ஆனால் அதற்காக உயரமான ரிங் போட வேண்டும். கன்னம் கட்டையை விட்டு எழுந்துவிடும். பகலில் காகிதத்தைச் சுடுகிறவருக்கு 32 அல்லது 40 தாராளம்.

நான் பிடிவாதமாக நிற்பது பாரலாக்ஸ் விஷயத்தில். குறுக்குக் கோடும் இலக்கின் பிம்பமும் ஒரே தளத்தில் விழ வேண்டும். விழாவிட்டால், துப்பாக்கி அசையாமல் இருக்கும்போதே கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் கோடு இலக்கின் மேல் நகரும். வேட்டைத் துப்பாக்கிக்கான சாதாரண ஸ்கோப்பில் இதை 100 அல்லது 150 கெஜத்தில் பூட்டி அனுப்புகிறார்கள். காட்டில் அது சரி. அதையே வாங்கி வந்து 10 மீட்டரில் ஏர் ரைபிள் சுட்டால் என்ன ஆகும்? 40 மி.மீ. கண்ணாடி, 100 மீட்டரில் பூட்டியது என்று வைத்துக்கொள்வோம். கண் ஒளிவட்டத்தின் விளிம்புக்கு ஒதுங்கினால் குறி 18 மி.மீ. வரை தப்பும். 10 மீட்டர் போட்டியின் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் அரை மி.மீ. என்பதை நினைத்துப் பாருங்கள். பாதிப் பேர் இந்தத் தப்பைத் துப்பாக்கியின் தலையில் கட்டி அதை விற்றே விடுகிறார்கள். முன் கண்ணாடி வளையத்திலோ பக்கவாட்டுத் திருகிலோ 10 மீட்டர் வரை இறக்கித் திருத்த முடிகிற ஸ்கோப்பைத்தான் ஏர் ரைபிளுக்கு வாங்க வேண்டும். பெருக்கத்தில் மிச்சம் பிடித்து இதில் செலவழியுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.

இனி கவ்வி. ரிங், மவுண்ட் என்று கடையில் கேட்டு வாங்கும் இந்த இரண்டு உலோகத் துண்டுகளைக் கடைசியில் மிஞ்சிய காசுக்கு வாங்குவது நம் வழக்கம். நான் தலைகீழாகச் சொல்வேன்: முதலில் இதற்குக் காசை ஒதுக்கு. ஸ்கோப்பின் உடல் 25.4 மி.மீ. குழலா, 30 மி.மீ. குழலா என்று பார்த்து அதே அளவு ரிங் வாங்கு. துப்பாக்கியின் முதுகைப் பார். 11 மி.மீ. அகலத்தில் இருபுறமும் சாய்வாக வெட்டிய பள்ளம் இருந்தால் ஒரு வகை. குறுக்கே பல் பல்லாக வெட்டிய பட்டை இருந்தால் வேறு வகை. அந்தப் பட்டையிலும் இரண்டு உண்டு. வீவர் பட்டையின் பல்லிடுக்கு 4.57 மி.மீ., 1995-இல் அமெரிக்க ராணுவம் அளவு நிர்ணயித்த பிக்காட்டினியின் பல்லிடுக்கு 5.23 மி.மீ. வீவருக்கான ரிங் பிக்காட்டினியில் உட்காரும். பிக்காட்டினி ரிங்கை வீவரில் அடித்து இறக்கப் பார்த்து முதுகையே கீறிக்கொண்டு வந்த துப்பாக்கிகள் உண்டு.

திருச்சியில் எங்களை அதிகம் வேலை வாங்கியது .315 தான். இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் போல்ட் ரைபிள். பழைய லீ-என்ஃபீல்டின் அதே உடம்பு. ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கையில் போகக் கூடாது என்று வெள்ளைக்காரன் போட்ட தடையால் பிறந்த அளவு அது. அதன் முதுகில் ஸ்கோப்புக்கென்று எந்த ஏற்பாடும் கிடையாது. தோட்டாவை மேலிருந்து திணிக்க வேண்டும், போல்ட் பின்னால் வர வேண்டும். நடுவில் குழாயை வைத்தால் இரண்டுக்கும் இடைஞ்சல். மேஸ்திரி இதற்கு ராணுவத்துக் கதையைச் சொல்வார். இரண்டாம் உலகப் போரில் நம்பர் 4 ரைபிளுக்கு நம்பர் 32 தொலைநோக்கியை லண்டனில் ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனத்தார் பொருத்தினார்கள். உடம்பின் இடப்பக்கச் சுவரில் இரண்டு திண்டுகள் வைத்து, அதில் ஒரு தாங்கியைக் கைத்திருகால் முடுக்கினார்கள்; அந்தத் தாங்கிதான் தொலைநோக்கியைப் பிடித்துக்கொள்ளும். டேவிட்சன் செய்த அதே இடப்பக்க யோசனை, எண்பது வருஷம் கழித்து. அப்படி இருபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ஒவ்வொரு தொலைநோக்கியின் எண்ணையும் அதன் ரைபிள் கட்டையின் கழுத்தில் பொறித்துவிடுவார்கள். ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் மாட்டக் கூடாது. "ஏன்யா மாட்டக் கூடாது? ரெண்டும் ஒரே அச்சுதானே?" என்று மேஸ்திரி எங்களைக் கேட்பார். பிறகு அவரே சொல்வார்: கையால் ராவி உட்கார வைத்த திண்டு அது, முடியளவு வித்தியாசம் இருக்கும், அந்த முடி நூறு கெஜத்தில் ஒரு கையகலம்.

எண்ணெய் போக பெட்ரோலில் துடைப்பது, அடிப்பாகத்தை முதலில் இறுக்குவது, குழாயை வைத்த பிறகு மேல் வளையத்தின் திருகுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக முடுக்குவது, இருபுறமும் இடைவெளி சமமாக நிற்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் அவர் கற்றுக் கொடுத்தவை. வளையத் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டருக்குள் போதும். நீளமான ஆலன் கீயின் நுனியைப் பிடித்துப் பலம் காட்டினால் மெல்லிய அலுமினியக் குழாய் உள்ளே நசுங்கும். பெருக்கத்தைத் திருப்பும்போது கரகரவென்று பிடிக்கிற ஸ்கோப்புகளில் பல அப்படி நசுங்கியவை. .315, .30-06 மாதிரி உதைக்கிற துப்பாக்கியில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் எட்டு ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவில் வெட்டு விழும். அந்தப் பிறையை முகத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏர் ரைபிள் உதைக்காது, அதற்கு மலிவான ஸ்கோப் போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளைப் போலக் கண்ணாடியைக் கொல்லும் ஆயுதம் வேறில்லை. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும்; ஸ்கோப்பின் உள் கண்ணாடிகளை அந்த ஒரு திசைக்குத்தான் முட்டுக் கொடுத்துக் கட்டுகிறார்கள். ஸ்பிரிங் ரைபிளில் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது துப்பாக்கி முதலில் பின்னால் தள்ளும். பிஸ்டன் குழாயின் முனையில் காற்றை அழுத்தி நிற்கிற கணத்தில் துப்பாக்கி வெடுக்கென்று முன்னால் போகும். முன்னும் பின்னும் இழுபடுவதில் உள்ளிருக்கும் கண்ணாடி கழன்று ஆடும். .315-இல் பல வருஷம் உழைத்த ஸ்கோப் ஸ்பிரிங் ரைபிளில் ஒரு டப்பா பெல்லட் முடிவதற்குள் உதிர்ந்துபோவது இதனால்தான். அட்டையில் ஏர் ரைபிளுக்கு என்று எழுதியிருந்தாலொழிய வாங்காதீர்கள்.

அதே இழுபறியில் ரிங்கும் சூட்டுக்குச் சூடு பின்னால் ஊரும். முதுகில் சின்னதாக ஒரு துளை இருக்கும். ரிங்கின் அடியில் நீளும் தடுப்புமுளையை அந்தத் துளையில் இறக்க வேண்டும். முளை இல்லாத ரிங்கை எவ்வளவு முடுக்கினாலும் பயனில்லை. துளை இல்லாத துப்பாக்கியில் ரிங்குக்குப் பின்னால் தனியாக ஒரு தடைக்கட்டையைப் பிடித்துவிடுவேன்.

மடக்குக் குழல் ரைபிள்களில் இன்னொரு சங்கடம். குழல் மூடும்போது முதுகின் கோட்டை விடக் கொஞ்சம் தாழ்ந்து நிற்கும். மேல் திருகை எவ்வளவு ஏற்றினாலும் பெல்லட் கீழேயே விழும், திருகு முடிந்துபோகும். பழைய போட்டோ ஸ்டுடியோக்காரர்களிடம் வாங்கி வைத்த நெகட்டிவ் ஃபிலிம்தான் என் மருந்து. ஒரு துண்டு வெட்டிப் பின் ரிங்கில் குழாய்க்கு அடியில் வைத்தால், ரிங்குகளுக்கு நடுவே 10 செ.மீ. இருக்கும்போது, 30 மீட்டரில் ஏறக்குறைய 4 செ.மீ. ஏறும். இரண்டு துண்டுக்கு மேல் வைக்க மாட்டேன், குழாய் வளையும். அதற்கு மேலும் தாழ்ந்திருந்தால் சாய்வு கொடுத்துச் செய்த மவுண்ட்தான் வழி.

பிறகு கோட்டை நிமிர்த்துவது. இதற்குக் கொத்தனாரின் சாமான்கள் இரண்டும் எனக்கு வேண்டும். துப்பாக்கியை மேசை வைஸில் பிடித்து முதுகின் குறுக்கே சிறிய ரசமட்டத்தை வைத்துச் சமன் செய்வேன். கொல்லையில் இருபது மீட்டர் தள்ளித் தென்னையில் தூக்குக்குண்டு தொங்கும். ஸ்கோப் வழியாகப் பார்த்துக் குழாயை மெல்லச் சுற்றினால் நின்ற கோடு அந்த நூலின் மேல் படிகிற இடம் ஒன்று வரும். அங்கேதான் திருகை முடுக்க வேண்டும். முடுக்கும்போது அது சுற்றிக்கொள்ளும், மறுபடியும் பார்க்க வேண்டும். ஐந்து பாகை சாய்ந்து நின்றால் 20 மீட்டரில் ஒன்றும் தெரியாது. 40 மீட்டரில் பெல்லட் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பக்கவாட்டில் போகும். காற்று தள்ளியது என்று நினைத்துக்கொண்டு காற்றைத் திட்டிக்கொண்டிருப்போம்.

சுட்டுச் சரிபார்க்க அறுவடை முடிந்த வயலின் ஓரம், மண் நிரப்பிய சாக்குகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி. காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் திறந்த வயலில் காற்று எழும்பிவிடும்; அரை கிராம் ஈயத்துக்கு அது போதும் தள்ள. ஸ்பிரிங் ரைபிளை மூட்டையின் மேல் நேராகச் சாய்க்கக் கூடாது. நடுவில் உள்ளங்கையைக் கொடுத்து, இறுக்காமல் ஏந்த வேண்டும். முதலில் 10 மீட்டர், பிறகு 30. ஐந்து ஐந்தாகச் சுட்டு, கூட்டத்தின் நடுவைப் பார்த்துத்தான் திருகைத் தொட வேண்டும். கால் எம்.ஓ.ஏ. என்று கோண அளவு எழுதிய திருகு ஒரு கிளிக்குக்கு 25 மீட்டரில் 1.8 மி.மீ. நகர்த்தும்.

குழலுக்கு நாலரை சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது கண்ணாடி. பெல்லட் கீழிருந்து ஏறிப் பார்வைக் கோட்டை ஒருமுறை வெட்டி, மேலே போய், இறங்கும்போது மறுபடி வெட்டும். 30 மீட்டரில் சரி செய்த ரைபிள் 15 மீட்டர் பக்கத்திலும் சரியாகவே அடிக்கும். நடுவில் அரை சென்டிமீட்டர் மேலே. 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கீழே, 40-இல் மூன்று நான்கு சென்டிமீட்டர் கீழே. பிரிட்டனில் 1980 வாக்கில் தொடங்கிய ஃபீல்ட் டார்கெட் ஆட்டம் முழுக்க இந்தக் கணக்கின் மேல்தான் நடக்கிறது. 8 முதல் 50 மீட்டர் வரை வெவ்வேறு தூரத்தில் இரும்பு முயலும் காக்கையும் நிற்கும். நடுவில் ஒரு சிறு துளை. தூரத்தைக் கண்ணால் அளந்து துளைக்குள் போட்டால் இரும்பு சாயும். வேட்டைக்காரனுக்குத் தேவையான பொறுமை முழுவதும் அதில் இருக்கிறது, ஓர் உயிரும் போவதில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில பேர் வந்து, மடையானுக்கு எத்தனை மீட்டரில் சரி செய்வது என்று கூச்சமே இல்லாமல் கேட்கிறார்கள். மடையானும் கொக்கும் நாரையும் சட்டத்தின் காப்பில் உள்ளவை. அதைவிட, உழுத சேற்றில் ஏர் பின்னாலேயே நடந்து பூச்சி பொறுக்குகிற பறவை அது. அதன் மேல் குறி வைக்கிறவனுக்கு நான் திருகு முடுக்க மாட்டேன். "மாமா, நம்ம பயதான்" என்று சிபாரிசு வந்தாலும் இல்லை என்றே சொல்கிறேன். நன்றாகச் சுட ஆசை இருக்கிற பிள்ளைக்கு நான் சொல்கிற பெயர் இளவேனில் வாலறிவன். பக்கத்துக் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்து, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் 10 மீட்டர் ஏர் ரைபிள் சுட்ட பெண். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதியே கிடையாது. சிறு துளை வழியே பார்த்துச் சுட வேண்டும். முதலில் துளைக் குறியில் ஒரு வருஷம் சுட்டுவிட்டு என்னிடம் வா என்று சொன்னால் கேட்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் சுவரே வியர்க்கும். நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பிலும் ஒரு முத்திரை தளர்ந்தால் உள்ளே பூஞ்சை நூல் நூலாக ஓடும். ஓடிவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். தேர்தல் வந்தால் லைசன்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனிலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். உறையோடு அப்படியே கொடுத்துவிட்டு, மாதக்கணக்கில் கழித்துத் திருப்பி வாங்கும்போது கண்ணாடி வெண்மையாகிக் கிடக்கும். ஒப்படைக்கும் முன் ஸ்கோப்பைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளத் திருச்சிக் கடையில் சொல்வோம். தோல் உறையில் வைக்காதீர்கள், பத்தாயம் இருக்கிற அறையிலும் வைக்காதீர்கள். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வறுத்துப் போடுங்கள். கழற்றும் முன் ரிங்கும் குழாயும் சேரும் இடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து, எந்த பெல்லட்டுக்கு எத்தனை மீட்டரில் சரி செய்தது என்று ஒரு சீட்டில் எழுதி டப்பாவுக்குள்ளேயே போட்டுவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோடு கோட்டோடு சேர்ந்தாலும் ஐந்து பெல்லட் சுட்டுப் பார்த்த பிறகுதான் அதை நம்ப வேண்டும்.